வாய் திறவாத வழு



தமிழ் இலக்கண வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி ஆகிய மூன்றையும் நீங்கள் படித்திருப்பீர்கள். 'அவன் வந்தாள்' என்று ஒருவர் எழுதினால், அது பால் வழு என்று சிறு வகுப்பு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் 'முருகன் நேற்று வந்தான்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இதில் திணை வழு இல்லை. பால் வழு இல்லை. கால வழுவும் இல்லை. ஆனால் முருகன் உண்மையில் வந்தது முந்தாநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வாக்கியம் குற்றமற்றது. செய்தி மட்டும் பொய். எவ்வளவு இலக்கணம் கற்றவரானாலும், வாக்கியத்தை மட்டும் பார்த்து இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது அல்லவா?

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் நிரல்களிலும் இந்த இரண்டு வகைப் பிழைகளும் உண்டு. அங்கேயும் பிழையை 'வழு' என்றும், அதைத் தேடிக் களைவதை 'வழுநீக்கம்' என்றும் தமிழில் கூறுகிறோம். முதல் வகை வழு கூச்சலிடும். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால்கூடக் கணிப்பொறி வேலையை நிறுத்திவிட்டு, இன்ன வரியில் தவறு என்று சொல்லிவிடும். இரண்டாம் வகை வழு வாய் திறவாது. நிரல் தடங்கலின்றி ஓடும், விடையும் வரும், அந்த விடை தவறாக இருக்கும்.

இந்த இரண்டாம் வகையிடம் நான் ஒருமுறை ஏமாந்தேன். நான் ஏமாந்ததோடு அது நிற்கவில்லை. என் மாணவர்கள் மூவர் அதனால் துன்பப்பட்டனர். அந்தக் கதையைச் சொல்லி, நம் ஆய்வுக்கூடங்களில் மாற வேண்டிய ஒரு பழக்கத்தைப் பற்றி என் கருத்தையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

'ஆர்' என்னும் மொழி

புள்ளிவிவரங்களை ஆராய்வதற்கென்றே அமைந்த கணிப்பொறி மொழி ஒன்று உண்டு. அதன் பெயர் ஒரே ஓர் ஆங்கில எழுத்து: 'ஆர்'. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய தோழர்களும் 1976-இல் 'எஸ்' என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினர். அதை முன்மாதிரியாகக் கொண்டு, நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் 'ஆர்' மொழியை அமைத்தனர். இருவருடைய பெயர்களும் ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்ற உரிமையோடு 1995-இல் அதை உலகுக்குக் கொடுத்தனர். 1.0.0 என்ற எண்ணிட்ட பதிப்பு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் வெளிவந்தது. இன்று மருத்துவம், உயிரியல், பொருளியல், வானிலை எனப் பல துறைகளில் அம்மொழி பயன்படுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இம்மொழியின் பெரும் பலம் அதன் தொகுப்புகள். ஆங்கிலத்தில் 'பேக்கேஜ்' என்பார்கள். தொகுப்பு என்றால் என்ன? ஒரு வீட்டில் சாம்பார்ப் பொடி நன்றாக அரைக்கிறார்கள். அதை டப்பாவில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டி, பக்கத்து வீட்டாருக்கும் தருகிறார்கள். வாங்கியவர் மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு கரண்டி போட்டால் சாம்பார் தயார். தொகுப்பும் அப்படித்தான். ஒருவர் பாடுபட்டு எழுதிய கணக்கு முறைகளை, விளக்கக் குறிப்புடனும் எடுத்துக்காட்டுகளுடனும் சோதனைகளுடனும் ஒரே கட்டாகக் கட்டி மற்றவர்களுக்குக் கொடுப்பதே தொகுப்பு. அந்தக் கட்டின்மேல் பெயரும், பதிப்பு எண்ணும், அதற்குப் பொறுப்பேற்பவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருந்தாக வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பொடியில் மண் கலந்திருந்தால் வாங்கிய எல்லார் வீட்டுச் சாம்பாரிலும் மண் கடிக்கும். பொடியில் உள்ள மண்ணாவது பல்லில் கடிபடும். தொகுப்பில் உள்ள வழு எதிலும் கடிபடாது.

பத்து என்ற விடை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கென்று நானே ஒரு சிறு தொகுப்பை 'ஆர்' மொழியில் எழுதினேன். தனி ஊசல் சோதனையை நீங்கள் அறிவீர்கள். ஊசலின் நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 39.48-ஆல் பெருக்கினால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும். மாணவர்கள் 60, 70, 80, 90, 100, 110 செ.மீ. என ஆறு நீளங்களுக்கு 20 அலைவுகளின் நேரத்தை அளப்பார்கள். நீளங்களையும் நேரங்களையும் உள்ளே கொடுத்தால், என் தொகுப்பு சராசரி முடுக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும். நம் பகுதியில் அது வினாடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 9.78 மீட்டர் வர வேண்டும்.

வகுப்பில் பெரும்பாலோருக்குச் சரியாகவே வந்தது. மூவருக்கு மட்டும் 10.00-ஐ ஒட்டி வந்தது. இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட பிழை. 'கவனமின்மை, மீண்டும் செய்க' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டேன்.

மூன்று நாட்களுக்குப் பின், அந்த மூவரில் ஒரு மாணவி நோட்டுடன் வந்தாள்.

"சார், கையால் கணக்குப் போட்டால் 9.78 வருகிறது. உங்கள் புரோகிராமில் போட்டால் 10 வருகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை."

"மறுபடியும் நிதானமாகப் போட்டுப் பாரம்மா" என்றேன்.

"நாலு தடவை போட்டுவிட்டேன், சார்."

அவள் 'நீங்கள் எங்கே தப்பு செய்தீர்கள்' என்று கேட்கவில்லை. 'நான் எங்கே' என்றுதான் கேட்டாள். அச்சில் வந்ததும் ஆசிரியர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும் என்று நாம் அவளுக்குக் கற்பித்திருக்கிறோம். அப்போதுதான் அவள் நோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். மற்றவர்கள் ஒவ்வொரு நீளத்துக்கும் ஒருமுறை மட்டும் நேரம் அளந்திருந்தார்கள். இவளும் மற்ற இருவரும் ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு முறை அளந்திருந்தார்கள். அதாவது, யாருக்குக் 'கவனமின்மை' என்று எழுதினேனோ, அவர்களே வகுப்பில் மிகக் கவனமாக வேலை செய்தவர்கள்!

வழுவைப் பிடித்த விதம்

வழுநீக்கத்தின் முதல் விதி, வழுவைக் கண்ணெதிரே மீண்டும் வரவழைப்பது. இரண்டாம் விதி, அது வரும் மிகச் சிறிய கணக்கைக் கண்டுபிடிப்பது. பன்னிரண்டு அளவீடுகளை வைத்துக்கொண்டு தேடுவதைவிட நான்கை வைத்துத் தேடுவது எளிது. நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

10, 20 என்று இரண்டு எண்கள் ஒரு வரிசையில் இருக்கட்டும். 10, 10, 20, 20 என்று நான்கு எண்கள் இன்னொரு வரிசையில் இருக்கட்டும். இரண்டு நீளம், நீளத்துக்கு இரண்டு அளவீடு என்று பொருள். முதல் வரிசையை இரண்டாவதால் வகுத்தால், பத்துக்குப் பத்தும் இருபதுக்கு இருபதும் சேர்ந்து, நான்கு விடைகளும் 1 என்றே வர வேண்டும். 'ஆர்' தந்த விடைகளோ 1, 2, 0.5, 1.

காரணம் என்ன? இரு வரிசைகளை வகுக்கச் சொன்னால், 'ஆர்' முதல் எண்ணை முதல் எண்ணாலும், இரண்டாவதை இரண்டாவதாலும் வகுத்துக்கொண்டே போகும். சிறிய வரிசை தீர்ந்துவிட்டால், மீண்டும் அதன் தொடக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். 10-ஐ 10-ஆலும், 20-ஐ 10-ஆலும் வகுத்த பிறகு, மறுபடி 10-ஐ எடுத்து 20-ஆல் வகுத்தது. இது அம்மொழியின் குறையன்று, ஒரு வசதி. ஆறு விடைகளையும் 39.48 என்ற ஒரே எண்ணால் ஒரே வரியில் பெருக்க முடிவது இந்த வசதியால்தான். பெரிய வரிசை சிறியதன் முழு மடங்காக இல்லாவிட்டால், விடையோடு ஓர் எச்சரிக்கையும் வரும். பன்னிரண்டு, ஆறின் சரியான இரு மடங்கு. ஆகவே எச்சரிக்கையும் இல்லை. அந்த மாணவி சோம்பல்பட்டுப் பதினொரு அளவீடுகளோடு நிறுத்தியிருந்தால், கணிப்பொறி வாய் திறந்திருக்கும்!

அவளுடைய பன்னிரண்டு கணக்குகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 80 செ.மீ. ஊசலின் நேரம் ஒன்று 110 செ.மீ. நீளத்தோடு சேர்ந்து 13.45 என்ற முடுக்கத்தைத் தந்தது. 90 செ.மீ. ஊசலின் நேரம் ஒன்று 60 செ.மீ. நீளத்தோடு சேர்ந்து 6.52 தந்தது. இந்த எண்களைக் கண்ணால் பார்த்திருந்தால் எவரும் திடுக்கிட்டிருப்பர். ஆனால் என் தொகுப்பு சராசரியை மட்டுமே அச்சிட்டது. கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுசெய்து, 10.00 என்ற சாதுவான விடை வந்து நின்றது.

நான் தொகுப்பைச் சோதிக்கவில்லையா? சோதித்தேன். என் கையிலிருந்த ஆறு அளவீடுகளைக் கொடுத்துப் பார்த்தேன்; சரியாக வந்தது; மகிழ்ந்தேன். சரியாக வரும் என்று எனக்குத் தெரிந்ததை மட்டுமே சோதித்தேன். அது சோதனையன்று, எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டது.

இன்னொன்றும் உண்டு. மூவருக்கும் பிழை ஒரே பக்கமாக, ஒரே அளவில் வந்திருக்கிறது. கைத்தவறு என்றால் ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும். எல்லாருக்கும் ஒரே பக்கம் சாய்ந்தால், அது கருவியிலோ முறையிலோ உள்ள 'முறையான பிழை'. இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறவன் நான். என் கண்முன்னே வந்து நின்றபோது எனக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது மூன்றாம் மாணவனின் நோட்டு. அவனுடைய இரண்டாம் முயற்சியில் 9.79 வந்திருந்தது. நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். தொகுப்பில் வழு இருக்கும்போது அவனுக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது? நோட்டைச் சாய்த்துப் பிடித்தபோது, நேரங்களின் பத்தியில் அழிப்பான் தேய்த்த தடம் தெரிந்தது. அவன் அளந்த நேரங்கள் உண்மையானவை. என் தொகுப்பு 9.78-ஐ ஒட்டிய விடையைச் சொல்லும் வரையில் அவற்றை அழித்து அழித்துக் கூட்டியிருக்கிறான். உண்மையை எழுதியபோது சிவப்பு மை; பொய்யை எழுதியபோது என் கையெழுத்து. அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. எந்த முகத்தோடு கடிந்துகொள்வது?

ஊரறிய ஒப்புக்கொள்வோர்

தொகுப்பைத் திருத்த ஒரே வரி போதுமானதாக இருந்தது: இரு வரிசைகளிலும் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால், கணக்கிடாமல் நிறுத்தி, காரணத்தைச் சொல். அதாவது, வாய் திறவாத வழுவைக் கூச்சலிடும் வழுவாக மாற்றிவிட்டேன். அந்த நான்கு எண் கணக்கையும் ஒரு சோதனையாகத் தொகுப்பிலேயே சேர்த்தேன். இனி எந்த மாற்றம் செய்தாலும் முதலில் அந்தச் சோதனை ஓடும். பழைய வழு திரும்பி வந்தால் உடனே தெரிந்துவிடும். பிறகு பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, மாற்றக் குறிப்பில் என் தவறை எழுதினேன்.

இது நான் கண்டுபிடித்த முறையன்று. தொகுப்பு எழுதுவோரின் பொது வழக்கம். 'ஆர்' தொகுப்புகளின் பொதுக் களஞ்சியம் ஒன்று 1997-இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் தொடங்கப்பட்டது. இன்று அதில் 20,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன. ஒரு தொகுப்பை அங்கே சேர்க்க விரும்பினால், நீண்ட தணிக்கையில் அது தேற வேண்டும். விளக்கக் குறிப்பில் தந்துள்ள எடுத்துக்காட்டுகளைக்கூட இயக்கிப் பார்ப்பார்கள். சேர்த்த பின்னும் விடுவதில்லை. பல வகைக் கணிப்பொறிகளில் மீண்டும் மீண்டும் சோதிப்பார்கள். ஏதேனும் பழுதானால் பொறுப்பாளருக்கு மடல் போகும். அவர் கெடுவுக்குள் திருத்தாவிட்டால், தொகுப்பை நடப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆனால் அழித்துவிட மாட்டார்கள். பழைய பதிப்புகள் எல்லாம் பழங்கிடங்கில் அப்படியே இருக்கும். எந்தப் பதிப்பில் என்ன தவறு இருந்தது என்று எவரும் போய்ப் பார்க்கலாம்.

தொகுப்புகளில் மட்டும் அல்ல, மொழியிலேயே வழு வந்ததுண்டு. ஒரு கூட்டத்திலிருந்து சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க 'ஆர்' மொழியில் ஒரு கட்டளை இருக்கிறது. கூட்டம் மிகப் பெரிதாக இருந்தால், எல்லாருக்கும் மிகச் சரியான சம வாய்ப்பு அதில் கிடைக்கவில்லை என்று கண்டறியப்பட்டது. 2019-இல் வெளிவந்த 3.6.0 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். திருத்தியதை வெளிப்படையாக அறிவித்தார்கள். அதோடு பழைய முறையையும் வேண்டுமானால் பயன்படுத்த வழி வைத்தார்கள். ஏன்? அதற்குமுன் செய்த ஆய்வுகளை அதே வடிவில் மறுபடி செய்து சரிபார்க்க வேண்டுமே! தவறைத் திருத்த வேண்டும். அதன் தடத்தையும் காக்க வேண்டும். அழிப்பான் தேய்ப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

நம் ரெக்கார்டு நோட்டு

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நாம் அழகான நோட்டுக்கு மதிப்பெண் தருகிறோம். அடித்தல் திருத்தல் இருந்தால் முகம் சுளிக்கிறோம். விடை புத்தகத்தில் உள்ளபடி வந்தால் 'சரி' போடுகிறோம். எப்படி வந்தது என்று கேட்பதில்லை. இதனால் மாணவர்கள் கற்றுக்கொள்வது அளக்கும் கலையையன்று. வர வேண்டிய விடையிலிருந்து பின்னோக்கி நடந்து அளவீடுகளை எழுதும் கலையை. இது அறிவியலே அன்று. இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

'தவறுகளை எழுதலாம் என்று இடம் கொடுத்தால் மாணவர்களிடம் அலட்சியம் வளரும்' என்று சில ஆசிரியர்கள் கூறுவர். அவர்கள் அச்சம் பொருளற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தொகுப்பு எழுதுவோரைப் பாருங்கள். தன் தவறு தன் பெயரோடு ஊரறியக் குறிக்கப்படும் என்று அறிந்தவர் மேலும் கவனமாகவே எழுதுகிறார். மறைக்க வழி இருக்கும் இடத்தில்தான் அலட்சியம் வளர்கிறது. 'தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லையே' என்றும் கேட்பர். இல்லைதான். அதனால்தான் நம் அன்றாடச் செய்முறை வகுப்பிலாவது அதற்கு மதிப்பெண் தர வேண்டும் என்கிறேன்.

செய்ய வேண்டியவை சிலவே. அளவீடுகளைப் பென்சிலால் எழுதாதீர்கள், பேனாவால் எழுதுங்கள். தவறாகிவிட்டால் அடியில் உள்ளது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு 'வழுப் பக்கம்' என்று பெயரிடுங்கள். என்ன தவறு நேர்ந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன், இனி நேராமலிருக்க என்ன சோதனை வைத்தேன் என்று மூன்று வரி எழுதுங்கள். சராசரியை மட்டும் பார்க்காமல், அதற்குள் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை பாருங்கள். கணிப்பொறி சொன்னாலும், ஆசிரியர் சொன்னாலும், ஒரு கணக்கையாவது கையால் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கேளுங்கள். கேட்கும்போது தப்பு உங்களுடையதுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள்.

வீட்டிலோ பள்ளியிலோ கணிப்பொறி இருந்தால் 'ஆர்' மொழியை இறக்கிக்கொண்டு, மேலே சொன்ன நான்கு எண் கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம். பிறகு ஒரு சிறு நிரல் எழுதுங்கள். எழுதியதும், அதைத் தோற்கடிக்கக்கூடிய எண்களைத் தேடிக் கொடுங்கள். ஒன்றும் கொடுக்காமல் பாருங்கள். ஒன்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

முடிக்கும்முன் ஒரு பழைய நிகழ்ச்சி. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற கணிப்பொறி இருந்தது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அது பழுதான காரணத்தைத் தேடியவர்கள், உள்ளே ஒரு விசையில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருப்பதைக் கண்டனர். வழுவை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்றே சொல்லுவார்கள். அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, எடிசன் காலத்திலேயே, அந்தச் சொல் பொறியாளர்களிடம் வழங்கிவந்தது. இங்கே உண்மையான பூச்சியே அகப்பட்டதால் அவர்களுக்கு ஒரே வேடிக்கை. அதை ஊதித் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். அவர்களோ அன்றைய பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, பூச்சியையும் பசைநாடாவால் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் அந்நாட்டு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக உள்ளது.

என் நோட்டிலும் ஒரு வழுப் பக்கம் இருக்கிறது. அதன் முதல் வரி தனி ஊசலைப் பற்றியது. அதை ஆண்டுதோறும் முதல் செய்முறை வகுப்பில் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். உங்கள் நோட்டிலும் இன்றே அப்படி ஒரு பக்கத்தைத் தொடங்குங்கள்.